இரைச்சலுக்குள் ஒளிந்திருக்கும் மெட்டு: பிளாக் மெட்டல் ஆல்பத்தைக் கேட்கப் பழகுவது எப்படி

நான் மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசிக்கிறவன். கோயில் கொடை, கல்யாண வரவேற்பு, கட்சிக் கூட்டத்தில் தலைவர் வரும்வரை ஜனங்கள் கலையாமல் பார்த்துக்கொள்வது என்று இருபது வருஷமாக எல்லா மேடையும் ஏறியாயிற்று. எங்கள் குழுவில் கிட்டாருக்குப் பெரிய வேலை கிடையாது. கீபோர்டு முக்கால்வாசியைத் தின்றுவிடும், மிச்சத்தை ரிதம் பேடு எடுத்துக்கொள்ளும். இரண்டு இடையிசைத் துண்டு, நாலு கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டு), அவ்வளவுதான் என் பங்கு. அதனாலோ என்னவோ, முழுக்கக் கிட்டாராலேயே கட்டிய பிளாக் மெட்டல் என்ற இசை, அதாவது ராக் இசையின் மிக வேகமான, இரைச்சலான ஒரு கிளை, காதில் விழுந்ததும் அதை விட முடியவில்லை.

விட முடியாமல் போனது பிற்பாடு. முதல் நாள் கதை வேறு. என் அக்கா மகன் காலேஜ் லீவில் வந்திருந்தபோது, "மாமா, இதைக் கேளுங்க, எல்லாமே கிட்டார்தான்" என்று ஹெட்போனை மாட்டிவிட்டான். ஒரு நிமிஷம் தாங்கியிருப்பேன். கழற்றிக் கொடுத்துவிட்டு, "மாவு மில்லை ஓட விட்டுட்டு உள்ள யாரையோ போட்டு அடிக்கிறாங்களாடா?" என்றேன். அவன் கோபித்துக்கொள்ளவில்லை. "நீங்க வேகத்தைக் கேக்குறீங்க மாமா. உள்ள ஒண்ணு மெதுவா நகருது. அதைக் கேளுங்க" என்றான்.

அந்த மெதுவாக நகர்வதைப் பிடிக்க எனக்குப் பல மாசம் ஆயிற்று. உங்களுக்கு அவ்வளவு ஆகக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். கிட்டார் வைத்திருப்பவர்களுக்குக் கொஞ்சம் கைவேலையும் உண்டு. மற்றவர்கள் அந்த இடத்தைத் தாண்டிப் போய்விடலாம்.

எதில் தொடங்குவது

உல்வர் குழுவின் 'பெர்க்டாட்'. 1995-இல் வந்தது. ஆஸ்லோ பையன்கள். உல்வர் என்றால் நார்வே மொழியில் ஓநாய்கள். ஐந்தே பாட்டு, மொத்தம் 34 நிமிஷம். பாட்டு என்றுகூடச் சொல்லாமல் 'அத்தியாயம்' என்றே எண் போட்டிருக்கிறார்கள். இந்த வகையில் ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஓடுகிற ஆல்பங்கள் நிறைய உண்டு. புதிதாக வருகிறவர் அதில் கால் வைத்தால் பாதியிலேயே எழுந்து போய்விடுவார். 34 நிமிஷம் என்பது இரண்டு டீக்கு நடுவே முடிந்துவிடுகிற சமாச்சாரம்.

ஆல்பத்தின் பெயருக்கு 'மலை எடுத்துக்கொண்டது' என்று பொருள். நார்வே நாட்டார் கதைகளில் மலைக்குள் ஒரு ஜனம் வாழும். அந்தி நேரத்தில் தனியாகப் போகிறவர்களை ஆசை காட்டி உள்ளே இழுத்துக்கொள்ளும். அப்படிப் போனவர்களை மீட்க ஊரார் தேவாலய மணியை அடிப்பார்களாம். இந்த ஆல்பத்தில் ஒரு பெண் காட்டில் வழி தவறுகிறாள், மலையின் பின்னால் சூரியன் இறங்குகிறது, ஒரு குரல் அவளைக் கூப்பிடுகிறது, கடைசியில் மலையின் அறைகளுக்குள் போய்விடுகிறாள். வரிகள் பழைய டேனிஷ் சாயலில் எழுதிய நார்வே மொழியில் இருக்கின்றன. அதனால் வார்த்தை புரியவில்லையே என்று நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. கதை இவ்வளவுதான்.

ஒரு காரணத்துக்காகவும் போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். அந்தச் சின்ன ஸ்பீக்கரில் இந்த இசையின் சீறல் மட்டும்தான் மிஞ்சும். சுமாரான இயர்போன் போதும். ஆனால் அதிலும் போனிலும் இருக்கிற 'எக்ஸ்ட்ரா பாஸ்' சமாச்சாரங்களை எல்லாம் அணைத்துவிடுங்கள். குத்துப்பாட்டுக்குச் சரிப்பட்ட அமைப்பு இதற்குச் சரிப்படாது. சத்தத்தை வழக்கத்தைவிட ஒரு படி குறைவாக வையுங்கள். சினிமாப் பாட்டில் பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவே காது மூச்சு வாங்கும். இதில் அப்படி இடைவெளியே கிடைக்காத நீளமான பகுதிகள் உண்டு. முழுச் சத்தத்தில் வைத்தால் பத்தாவது நிமிஷத்தில் காது சோர்ந்துபோய், அதற்கு மேல் எல்லாம் ஒன்றாகத்தான் தெரியும்.

பக்கத்து அறைக்குப் போங்கள்

இது நான் தற்செயலாகக் கண்டுபிடித்தது. ஹாலில் ஸ்பீக்கரில் முதல் அத்தியாயத்தை ஓடவிட்டு, கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டுப் பின்கட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அடுப்படியில் இருந்து என் மனைவி, "என்னங்க, சர்ச்சு பாட்டு மாதிரி கேக்குது?" என்றாள். இல்லையே, மெட்டல்தானே என்றேன். அவள் நம்பாமல் ஹாலுக்குள் போனாள். போன வேகத்தில் காதைப் பொத்திக்கொண்டு திரும்பி வந்தாள்.

அவள் காதில் விழுந்ததுதான் சரி. கிட்டாரின் கிறீச்சிடல், சிம்பலின் சிதறல், ஸ்நேர் ட்ரம்மின் சடசடப்பு இவையெல்லாம் மேல்பக்கத்து அதிர்வெண்கள். சுவரும் கதவும் முதலில் வடிகட்டுவது அவற்றைத்தான். வடிகட்டிய பிறகு மிஞ்சுவது நடுப்பகுதி: நீண்ட சுரங்கள், அதன்மேல் நிதானமாகப் பாடும் குரல். முதல் அத்தியாயத்தில் ட்ரம்ஸ் தலைதெறிக்க ஓடும்போது, பாடகர் கார்ம் அதன்மேல் கோரஸ் போலப் பல குரல்களை அடுக்கி, ஒவ்வொரு சுரத்தையும் இழுத்து இழுத்துப் பாடுகிறார். வேகத்துக்கும் அந்தப் பாட்டுக்கும் சம்பந்தமே இல்லாதது போல இருக்கும்.

நீங்களும் இதைச் செய்துபாருங்கள். ஹாலில் போட்டுவிட்டு அடுத்த அறையில் நின்று, கேட்கிற மெட்டை வாய்விட்டு முனகுங்கள். சரியாக வர வேண்டும் என்பதில்லை. மூன்று நாலு சுரம் பிடிபட்டால் போதும். அந்த முனகலை விடாமல் அப்படியே ஹாலுக்குள் நடந்து வாருங்கள். இரைச்சல் கூடிக்கொண்டே வரும், ஆனால் உங்கள் வாயில் இருக்கிற மெட்டு அதற்குள்ளேயே இருப்பது தெரியும். ஒரு தடவை தெரிந்துவிட்டால் அப்புறம் தொலையாது.

அப்படியானால் அந்த வேகம் எதற்கு?

கிட்டார் கம்பியைத் தட்டினால் சத்தம் உடனே தேய ஆரம்பித்துவிடும். வயலின்காரருக்கு அந்தப் பிரச்சினை இல்லை. வில்லை இழுக்கிற வரை சுரம் நிற்கும். கிட்டார்காரன் சுரத்தை நிற்கவைக்க வேண்டுமானால் தேய்வதற்குள் திரும்பத் தட்ட வேண்டும். மாண்டலின்காரர்கள் காலங்காலமாகச் செய்கிற வேலைதான். மெட்டலில் அதற்கு ட்ரெமலோ பிக்கிங் என்று பெயர். நிமிஷத்துக்கு 180 தட்டு வேகத்தில், ஒரு தட்டுக்கு நாலு அடி என்றால், வினாடிக்குப் பன்னிரண்டு அடி. அந்தப் பன்னிரண்டையும் எண்ணுவதற்காக அவர்கள் வாசிக்கவில்லை. பன்னிரண்டும் சேர்ந்து ஒரே நீட்டலாகக் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்தப் பாடு.

பன்னிரண்டு அடி தனித்தனியாகத் தெரியாதா என்று கேட்டால், சுத்தமான கிட்டாரில் தெரியும். இங்கே மூன்று விஷயங்கள் அதை அழிக்கின்றன. ஒன்று, டிஸ்டார்ஷன், அதாவது கிட்டார் சத்தத்தைக் கரகரப்பாக்குவது. அது ஒவ்வொரு அடியின் கூர் முனையையும் தட்டையாக்கி, வாலைத் தூக்கிவிடுகிறது. இரண்டு, ஒரே மெட்டை இரண்டு கிட்டார் வாசிப்பது. எவ்வளவு திறமைசாலிகள் ஆனாலும் இருவரின் அடியும் இம்மி பிசகாமல் ஒன்றாக விழாது. அந்த இம்மிப் பிசகுதான் ஓரங்களை மழுக்குகிறது. மூன்று, ரிவெர்ப், அதாவது மண்டபத்து எதிரொலி மாதிரிச் சேர்க்கும் முழக்கம். மிச்சமிருக்கிற இடுக்குகளை அது பூசி அடைத்துவிடும். ஆக மொத்தம், வேகமாக வாசித்து வாசித்து அவர்கள் கட்டுவது ஒரு மெதுவான சத்தத்தை.

ட்ரம்ஸும் இதே கணக்குதான். பிளாஸ்ட் பீட் என்பது கிக்கும் (காலால் அடிக்கிற பெரிய ட்ரம்) ஸ்நேரும் மாறி மாறி, மேலே சிம்பலோ ஹை-ஹேட்டோ கூடவே ஓட, எல்லா அடியும் கிட்டத்தட்ட ஒரே கனத்தில் விழுவது. நம் காது தாளத்தைப் பிடிப்பது அழுத்தமான அடியை வைத்துத்தான். எல்லாமே அழுத்தம் என்றால் எதுவும் அழுத்தம் இல்லை. கொஞ்ச நேரத்தில் காது எண்ணுவதை நிறுத்திவிடும். தகரக் கூரையில் மழை பெய்யும்போது யாராவது துளியை எண்ணுகிறார்களா?

இப்போது கொஞ்சம் கவனம் தேவைப்படுகிற ஒரு பயிற்சி. கிட்டாரில் கார்டு மாறுகிற இடத்தில் மட்டும் விரலால் மேசையில் ஒரு தட்டு தட்டுங்கள். ட்ரம்ஸ் பக்கம் போகவே போகாதீர்கள். உங்கள் விரல் மிக நிதானமாக, ஒரு வயதானவர் படியேறுவது போல விழும். அப்படித் தட்டிக்கொண்டே இருக்கும்போது, ஏதோ ஓர் இடத்தில் ட்ரம்மர் பிளாஸ்ட்டை விட்டுவிட்டுச் சட்டென்று பாதி வேகத்துக்கு இறங்குவார். உடம்பு 'ஆகா, பாட்டு மெதுவாகிவிட்டது' என்று சொல்லும். ஆனால் விரலைப் பாருங்கள். அது மாறியிருக்காது. கிட்டார் அதே பன்னிரண்டு அடியில் போய்க்கொண்டிருக்கும். மாறியது கீழே இருக்கிற தரை மட்டும். வேகமாக ஓடுகிற வண்டியின் ஜன்னலில் பக்கத்து மரங்கள் பறந்துகொண்டிருக்க, திடீரென்று வெட்டவெளி வந்து தூரத்து மலை மட்டும் தெரிந்தால் வண்டி நின்றுவிட்டது போல இருக்குமே, அந்த மாதிரி. இந்த வகை இசையில் ட்ரம்மரின் திறமையை நான் எடைபோடுவது பிளாஸ்ட்டின் வேகத்தை வைத்து அல்ல. எங்கே அதை விடுகிறார் என்பதை வைத்துத்தான்.

ஒரு காதை மூடுங்கள்

இரண்டு கிட்டார் என்றேனே, பெரும்பாலான மெட்டல் ஆல்பங்களில் ஒன்றை இடப்பக்கமும் ஒன்றை வலப்பக்கமும் வைத்துக் கலப்பார்கள். ஒரு இயர்போனைக் கழற்றிவிட்டு இடப்பக்கத்தை மட்டும் இரண்டு நிமிஷம் கேளுங்கள். பிறகு அதே இரண்டு நிமிஷத்தை வலப்பக்கத்தில். இரண்டும் ஒரே மெட்டை வாசிக்கிற இடம் எது, ஒன்று மேலே போய் இன்னொன்று கீழே தங்குகிற இடம் எது என்று பிரியும். நம் ஊரில் இரண்டு நாகஸ்வரம் சேர்ந்து வாசிக்கும்போது பிரித்துக் கேட்கப் பழகியவர்களுக்கு இது கஷ்டமே இல்லை.

கீழ்ச்சுரங்களை வாசிக்கிற பேஸ் கிட்டாரைப் பற்றி ஒரு வார்த்தை. பிளாக் மெட்டலில் பேஸ் கிட்டாரைத் தேடிக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு. நிறைய ஆல்பங்களில் அது இருந்தும் இல்லாததுதான். பெர்க்டாட்டில் அப்படி இல்லை. ஸ்கோல் என்ற பெயரில் வாசித்தவர் கிட்டாரின் நிழலாக நிற்காமல் தனக்கென்று ஒரு வழியில் நடக்கிறார். மெதுவான பகுதிகளில் தேடுங்கள், கிடைக்கும்.

கிட்டார் வைத்திருப்பவர்களுக்கு

பத்து வாட் பயிற்சி ஆம்ப் போதும். கெயின் ஏழு, பேஸ் மூன்று, மிட் ஐந்து, ட்ரெபிள் ஏழு என்று வைத்துத் தொடங்குங்கள். பேஸைக் கூட்டினால் கனமாக இருக்குமே என்று கை போகும். போக விடாதீர்கள். இந்தச் சத்தம் கனமானது அல்ல, உயரமானது. ரிவெர்ப் இருந்தால் பெரிய மண்டப அளவுக்குத் திறந்துவிடுங்கள்.

சாதாரண மெட்டலில் வலது உள்ளங்கை ஓரத்தைக் கம்பியின் மேல் வைத்து 'ஜக் ஜக்' என்று அடைத்து வாசிப்பார்கள். இங்கே அந்தக் கையைத் தூக்கிவிட வேண்டும். கம்பி முழுக்கத் திறந்து ஒலிக்க வேண்டும். பிக்கின் நுனி கம்பியைத் தாண்டி ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. அசைவு மணிக்கட்டில் இருந்து வர வேண்டும், முழங்கையில் இருந்து அல்ல. மெட்ரோனோமை 80-இல் வைத்து, தட்டுக்கு நாலு அடி, மேல் கீழ் மேல் கீழ் என்று ஒரே கம்பியில் ஐந்து நிமிஷம். வலி இல்லாமல் வந்தால் ஐந்து ஐந்தாகக் கூட்டுங்கள். நான் முதல் வாரமே 160-க்குத் தாவினேன். முழங்கைக்குக் கீழே நரம்பு விண்ணென்று இழுத்து, அந்த வார இறுதிக் கச்சேரியில் சாதாரண ஸ்ட்ரம்மிங்கே தள்ளாடியது. வலித்தால் நிறுத்திவிடுங்கள். இதில் வீரம் காட்ட ஒன்றும் இல்லை.

அடுத்தது இடது கை. ஐந்தாம் கம்பியில் ஏழாவது ஃப்ரெட், நாலாம் கம்பியில் ஐந்தாவது, மூன்றாம் கம்பியில் நாலாவது. சுண்டுவிரல், நடுவிரல், ஆள்காட்டி. இது இ மைனர். மூன்று கம்பியையும் சேர்த்து ட்ரெமலோ செய்யுங்கள். மெட்டலில் வழக்கமாக இரண்டு சுரத்தோடு நிறுத்திக்கொள்வார்கள், ஏனென்றால் டிஸ்டார்ஷனில் மூன்றாவது சுரம் சேர்ந்தால் உள்ளுக்குள் உரசி ஒரு மாதிரி கலங்கும். பிளாக் மெட்டல்காரர்கள் அந்தக் கலங்கலை வேண்டுமென்றே எடுத்துக்கொண்டார்கள். இப்போது விரல் அமைப்பை மாற்றாமல் அப்படியே மூன்று ஃப்ரெட் மேலே தள்ளுங்கள். ஜி மைனர். சினிமாப் பாட்டில் இ மைனருக்குப் பக்கத்தில் ஜி மேஜர் வந்து உட்காரும், காதுக்கு இதமாக இருக்கும். இங்கே மைனர் வந்து உட்காருகிறது. முதல் கார்டில் இருந்த பி, அரைச் சுரம் சரிந்து பி ஃப்ளாட் ஆகிவிடும். வீட்டுக்குள் நடக்கும்போது இல்லாத படியில் கால் வைத்தது போல ஒரு திடுக். அந்தத் திடுக்கைக் கேட்டதும் 'ஓ, இதுவா அது' என்று உங்களுக்கே தெரியும். உல்வர் இந்த வித்தையை நம்பியே பிழைக்கிறவர்கள் அல்ல. அவர்கள் மெட்டு பெரும்பாலும் நாட்டுப்புறச் சாயலில் வளைந்து போகும். ஆனால் இந்த இசையின் மற்ற ஆல்பங்களுக்குள் போனால் இது அடிக்கடி எதிர்ப்படும்.

ஒருமுறை கொடை மேடையில் சவுண்ட் செக்கின்போது ஆசை அடக்க முடியாமல் இதே இரண்டு கார்டையும் முழு டிஸ்டார்ஷனில் விட்டேன். மிக்ஸரில் இருந்த தம்பி ஓடிவந்து, "அண்ணே, எங்கயோ ஒயர் ஷார்ட் ஆகுது, கைய எடுங்க!" என்று பிளக்கைப் பிடுங்கிவிட்டான்.

குரல்

பெர்க்டாட்டில் கார்ம் மூன்று விதமாகக் குரல் கொடுக்கிறார். அடுக்கிய கோரஸ் பாட்டு, பிளாக் மெட்டலின் கிழிந்த கத்தல், முணுமுணுப்பு. அப்போது அவருக்குப் பதினெட்டு வயது. கேட்கிறவர்களுக்கு இடிப்பது அந்தக் கத்தல்தான். அதைப் பாட்டாக எண்ணிக் கேட்டால் ஏமாற்றமாக இருக்கும், ஏனென்றால் அதில் சுருதி இல்லை. அதை ஒரு வாத்தியமாக வைத்துக் கேளுங்கள். எவ்வளவு நீளம் இழுக்கிறார், மெட்டின் எந்த இடத்தில் நுழைகிறார், எங்கே விலகி இடம் கொடுக்கிறார் என்பது மட்டும் போதும். இந்த வகை ஆல்பங்களில் குரல் கிட்டாருக்கு முன்னால் நிற்பதில்லை. கொஞ்சம் பின்னால், தூரத்தில் ஒருவன் நின்று கத்துவது போலக் கலந்திருப்பார்கள். நம் சினிமாப் பாட்டில் பாடகர் காதுக்குள் வந்து நிற்கிற பழக்கத்தில் இருப்பவர்களுக்கு இது ஒரு குறையாகத் தோன்றும். குறையல்ல, அளவெடுத்து வைத்த தூரம்.

கார் கண்ணாடியை ஏற்றிவிட்டு அந்தக் கத்தலை நானும் முயன்றேன் என்பதையும், மறுநாள் மேடையில் கோரஸுக்கு வாய் அசைத்தேனே தவிர சத்தம் வரவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்துவிடுகிறேன். முறையாகச் சொல்லிக் கொடுக்க ஆள் இல்லாமல் தொடாதீர்கள்.

ஏன் இப்படி மங்கலாகப் பதிவு செய்கிறார்கள்?

இந்தக் கேள்வி வராத ஆள் இல்லை. காசில்லாததும் ஒரு காரணம், ஆனால் அது மட்டும் அல்ல. 1994-இல் வந்த, நார்வேயின் டார்க்த்ரோன் குழுவுடைய 'ட்ரான்சில்வேனியன் ஹங்கர்', நாலே ஒலித்தடம் கொண்ட நாலு ட்ராக் கருவியில் பதிவானது. வாத்தியம் எல்லாவற்றையும் அந்தக் குழுவின் ஃபென்ரிஸ் ஒருவரே வாசித்தார். அதில் ஒரே ட்ரம்ஸ் அடி ஆல்பத்தின் பெரும்பகுதிக்கு அப்படியே ஓடும். அந்த வறட்சிதான் அவர்கள் விரும்பியது. அதே காலத்தில் பெர்கன் நகரத்து கிரீக்ஹாலன் என்ற பெரிய இசையரங்கத்தில், பீட்டன் என்று அழைக்கப்பட்ட ஒலிப்பதிவாளர் எம்பரர், மேஹெம், இம்மார்ட்டல் போன்ற குழுக்களைப் பதிவு செய்தார். எம்பரரின் 'இன் த நைட்சைட் எக்லிப்ஸ்' ஆல்பத்தில் கீபோர்டு ஒரு சுவர் மாதிரி பின்னால் எழுந்து நிற்கும். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், ஒன்று கரித்துண்டால் கிழித்த கோடு, இன்னொன்று அலை அலையாகப் பூசிய வண்ணம் என்பது தெரியும்.

பெர்க்டாட் இந்த இரண்டுக்கும் நடுவே போகிறது. கீபோர்டுச் சுவர் எழுப்பாமல் சூழலை உண்டாக்குகிறது. அதற்கு அவர்கள் கையில் எடுத்தது அகூஸ்டிக் கிட்டார், அங்கங்கே புல்லாங்குழல், கோரஸ். இரண்டாம் அத்தியாயத்தின் தொடக்கத்தில் குழல் வந்து போவதைக் கேளுங்கள். அகூஸ்டிக் பகுதியில் இருந்து இரைச்சலுக்குப் போகிற திருப்பங்களையும் கவனியுங்கள். கீபோர்டுக்காரர்களோடு இருபது வருஷம் மல்லுக்கட்டியவன் என்பதால் எனக்கு இதில் தனி சந்தோஷம்.

அடுத்த வருஷம், 1996-இல், இதே குழு மின் கிட்டாரே இல்லாத 'க்வெல்ட்சாங்கர்' என்ற ஆல்பத்தைக் கொடுத்தது. 1997-இல் 'நாட்டென்ஸ் மாட்ரிகால்', அது முழுக்கக் கத்திமுனைச் சீறல். அதைக் காட்டுக்குள் உட்கார்ந்து பதிவு செய்தார்கள் என்று ஒரு கதை உலாவுகிறது. கதைதான், நம்பிவிடாதீர்கள். பெர்க்டாட்டில் ஒன்றாகப் பின்னியிருந்த இரண்டு இழைகளை இப்படி ஆளுக்கு ஓர் ஆல்பமாகப் பிரித்துப் போட்டார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். பெர்க்டாட்டை நாலைந்து தடவை கேட்ட பிறகு இந்த இரண்டையும் கேட்டால், மறுபடி பெர்க்டாட்டுக்கு வரும்போது எது எந்த இழை என்று தானாகப் பிரியும். அதன்பின் உல்வர் மின்னணு இசைப் பக்கம் போய், மெட்டலுக்குத் திரும்பவே இல்லை.

ஒரு அசௌகரியமான விஷயம்

இந்த இசை வளர்ந்த நார்வேயில் குற்றங்களும் நடந்தன. 1992-இல் பெர்கன் அருகே ஃபான்டாஃப்ட் மரத் தேவாலயம் எரிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு மேஹெம் குழுவின் கிட்டார்காரர் யூரோனிமஸைப் பர்சும் என்ற தனிநபர்க் குழுவின் வார்க் விகெர்னஸ் கொன்றார். நான் மேலே புகழ்ந்த எம்பரர் ஆல்பத்தில் வாசித்தவர்களிலும் ஒருவர் கொலைக்கும் ஒருவர் தேவாலய எரிப்புக்கும் தண்டனை பெற்றவர்கள். சிலருடைய இனவெறிப் பேச்சு இன்றைக்கும் ஓயவில்லை. யாரைக் கேட்பது, யாருக்குக் காசு கொடுப்பது என்று ஒவ்வொருவரும் ஒரு கோடு போட்டுக்கொள்கிறார்கள். நானும் போட்டிருக்கிறேன். என் அக்கா மகனின் கோடு என்னுடையதைவிடக் கண்டிப்பானது. ஒன்றை வாங்குவதற்கு முன் அந்தக் குழுவைப் பற்றிப் பத்து நிமிஷம் படித்துவிடுங்கள்.

அடுத்து

பெர்க்டாட் பழகிவிட்டால் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்து வோல்வ்ஸ் இன் த த்ரோன் ரூம் குழுவின் 'டூ ஹன்டர்ஸ்', 2007. கடைசிப் பாட்டு பதினெட்டு நிமிஷம். விரல் தட்டும் பயிற்சிக்கு அதைவிட நல்லது இல்லை. கத்தல் கொஞ்சம் குறைவாக, சூழல் அதிகமாக வேண்டும் என்பவர்கள் போர்ட்லண்டின் அகலோக் குழுவுடைய 'த மேன்டில்' பக்கம் போகலாம், 2002. பிளாஸ்ட் பீட்டே ஒத்துக்கொள்ளவில்லை என்றால் ஆஸ்திரியாவின் சம்மனிங். ட்ரம் மெஷினை வைத்துக்கொண்டு யானை நடையில் போவார்கள். எனக்கு ஓர் ஆல்பத்துக்கு மேல் தாங்கவில்லை, ஆனால் அதற்காக உயிரை விடுகிற ரசிகர்கள் இருக்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் பெர்க்டாட்டின் மூன்றாம் அத்தியாயத்தை ஒரு தடவை தனியாக, இருட்டில், இயர்போனில் கேட்டுவிடுங்கள். கிட்டாரும் ட்ரம்ஸும் உச்சத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போது அத்தனையும் நின்றுபோகிறது. தேய்ந்து அடங்குவதில்லை, நின்றுவிடுகிறது. பிறகு ஒரு பியானோ மட்டும். அதன் கூடவே காட்டுத் தரையில் யாரோ ஓடுகிற காலடிச் சத்தம். வாத்தியங்கள் இவ்வளவு நேரம் பன்னிரண்டு அடியில் ஓடியபோது தெரியாத வேகம், வாத்தியங்கள் நின்ற பிறகு இரண்டு காலின் சத்தத்தில் தெரிகிறது. முதல் தடவை கேட்டபோது நான் பாட்டை நிறுத்திவிட்டு மறுபடி அதே இடத்துக்குப் போனேன். அந்த இடத்தில் சத்தத்தைக் கூட்டாதீர்கள். கூட்டினால், மெட்டல் திரும்பி வரும்போது தூக்கிவாரிப் போடும்.

போன மாசம் ஒரு கொடை முடிந்து ராத்திரி இரண்டு மணிக்கு வேனில் திரும்பிக்கொண்டிருந்தோம். எல்லாரும் தூக்கம். நான் முன்சீட்டில். டிரைவர் தம்பி தூங்கிவிடக் கூடாதே என்று வேன் ஸ்பீக்கரில் பெர்க்டாட்டைச் சின்னதாக வைத்திருந்தேன். இரைச்சல் பகுதி முழுக்க அவன் ஒன்றும் சொல்லவில்லை. அது நின்று பியானோ வந்து கொஞ்ச நேரம் ஆனதும் வண்டியை மெதுவாக்கி, ஓரமாக நிறுத்தி, கண்ணாடியை இறக்கி வெளியே எட்டிப் பார்த்தான்.

"அண்ணே," என்றான், "யாரோ பின்னாடியே ஓடி வாராங்கண்ணே."